டெசர்ட் ஈகிளில் ஈயக் குண்டு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

டெசர்ட் ஈகிள் பிஸ்டலின் கையேடு செம்பு உறை போட்ட குண்டுகளைத்தான் சுடச் சொல்கிறது. அதைப் படித்த பிறகும் வார்த்த ஈயக் குண்டைப் போட்டுப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். காரணம் புரியாததல்ல. அமெரிக்காவில் .44 மேக்னம் தோட்டா போடும் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் பலரிடம் ஈயம் உருக்கும் பானையும் அச்சும் ஏற்கெனவே இருக்கும். டப்பா டப்பாவாகக் குண்டு வார்த்து வைத்திருப்பார்கள். புதிதாக வந்த பிஸ்டலும் அதே .44 மேக்னம்தானே என்று அதையே போடுவார்கள். முதல் மேகசின் (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி) நன்றாகவே ஓடும். சிக்கல் அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

அந்தச் சிக்கல் எந்த வடிவத்தில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோளாறு முதல் வேட்டிலேயே வந்ததா, இல்லை சுடச் சுட வளர்ந்ததா? முதல் வேட்டிலேயே வந்தால் தோட்டா (கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது), பிடி, மேகசின், ஸ்பிரிங் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தால், துப்பாக்கிக்குள் எங்கோ ஈயம் படிகிறது. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது

சாதாரண பிஸ்டல்களில் பின்னுதைப்பின் விசைதான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்தை, தள்ளும். டெசர்ட் ஈகிள் அப்படியல்ல. குழல் அசையாமல் நிற்கும். தோட்டா உட்காரும் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும், ஏறக்குறைய எம்-16 ரைஃபிளின் போல்ட் போல. குழலுக்குள், சேம்பரைத் தாண்டியதும் ஒரு சின்னத் துளை இருக்கிறது. குண்டு அதைக் கடந்ததும் மருந்து எரிந்த வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக இறங்கி, குழலுக்கு அடியில் உள்ள வாய்க்காலில் முன்பக்கம் ஓடி, முனைக்கு அருகே உள்ள சிலிண்டருக்குள் போகும். ஸ்லைடின் முன்னால் உள்ள சிறு பிஸ்டன் அந்தச் சிலிண்டருக்குள் பொருந்தியிருக்கிறது. வாயு அதைப் பின்னால் தள்ள, ஸ்லைடு நகர்ந்து, போல்ட் சுழன்று பூட்டு திறக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது துளை இருக்கும் இடம். இரண்டாம் உலகப் போரின் எம்-1 காரண்ட் ரைஃபிளும் வாயுவால் இயங்குவதுதான். அதன் துளை குழலின் முனைப் பக்கம் இருக்கிறது. குண்டு அங்கே வந்து சேரும்போது அழுத்தம் வெகுவாக இறங்கியிருக்கும். அதனால்தான் காரண்டில் வார்த்த குண்டை ஒழுங்காகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெசர்ட் ஈகிளிலோ துளை சேம்பருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்தம் உச்சத்தில், அல்லது உச்சத்தை ஒட்டி இருக்கும்போதே குண்டு அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. செம்பு உறை அந்த விளிம்பைத் தாங்கிவிடும். ஈயம் தாங்காது, துருவப்படும். குண்டு குழலோடு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் வாயு கசிந்தால், அந்தக் கசிவும் ஈயத்தை அரித்துத் தூளாக்கி அதே துளைக்குள் கொண்டு போகும்.

'ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், மருந்துச் சூடு அதைவிடப் பல மடங்கு, அதனால் குண்டின் அடிப்பாகம் உருகி ஒழுகுகிறது' என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படும். அது முழு உண்மையல்ல. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லி நொடியை ஒட்டிய நேரம். அதற்குள் அடிப்பாகம் முழுவதும் உருகிவிடாது. விளிம்பு சுரண்டுவதும் கசிவு அரிப்பதும்தான் முக்கியக் காரணங்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், 'இன்னும் கெட்டியான ஈயம் போட்டால் சரியாகிவிடும்' என்று கிளம்புவதற்கு முன் ஒருமுறை யோசிப்பீர்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை முழுதாக இழுத்துப் பிடித்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். கோளாறான துப்பாக்கியில் சேம்பருக்குள் இன்னும் சுடாத தோட்டா தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு குழலைக் கழற்றுங்கள். குழல் பூட்டைத் திறந்தால் அது தனியாக வந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம்.

அறிகுறி: நன்றாக ஓடியது, பிறகு ஸ்லைடு அசையவே இல்லை

இதுதான் ஈயக் குண்டின் முத்திரைக் கோளாறு. வேட்டு வழக்கமான சத்தத்தோடு வெடிக்கிறது, குண்டு இலக்கில் விழுகிறது, ஆனால் ஸ்லைடு கல் மாதிரி நிற்கிறது. கையால் இழுத்தால் காலிக்கூடு வெளியே வருகிறது. அடுத்ததும் அப்படியே. துப்பாக்கி ஒற்றை வேட்டுத் துப்பாக்கியாக மாறிவிட்டது என்று பொருள். வாயு வராவிட்டால் போல்ட்டின் பூட்டைத் திறக்க வேறு விசையே இல்லை. பின்னுதைப்பால் இயங்கும் பிஸ்டலில் இப்படி நடக்காது.

குழலைக் கழற்றி, சேம்பர் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமான துளை என்றால் ஓரம் கூர்மையாக வட்டமாக, நடுவில் கறுப்பாகத் தெரியும். அடைத்த துளையில் அந்தக் கறுப்பே இருக்காது. அந்த இடம் மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறத்தில் குழலின் சுவரோடு சமமாக மெழுகிவிட்டதுபோல் இருக்கும். துளைக்கு முன்னால் குண்டு போகும் திசையில் ஈயம் ஒரு வால்போல் நீண்டு படிந்திருப்பதும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவரின் .44இல் துளை எங்கே என்று தேடவே வேண்டியிருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டியதும் சாம்பல் நிறச் செதில்கள் உதிர்ந்தன, அவற்றோடு, வார்த்த குண்டில் வழுக்கலுக்காகத் தடவும் மெழுகு எரிந்த கறுப்புப் பிசினும் கலந்து வந்தது.

துளையின் வாயைச் சுத்தம் செய்வது சுலபம். மரக்குச்சி, அல்லது துளையைவிட மெல்லிய பித்தளைக் கம்பி போதும். டிரில் பிட்டைப் போட்டுத் திருகாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வாயு அதிகமாகப் பாயும். ஸ்லைடு வேண்டிய வேகத்தைவிட வேகமாகப் பின்னால் வந்து மோதும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

வாய் திறந்தால் மட்டும் போதாது. பின்னால் உள்ள வாய்க்காலும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், சிலிண்டர் பக்கமிருந்து கரைப்பானைப் பீய்ச்சுங்கள். குழலுக்குள் துளை வழியாகத் தாராளமாக வெளியே வந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு வாய்க்காலுக்குள் இருக்கிறது. அந்த வாய்க்கால் குழலின் உலோகத்துக்குள்ளேயே ஓடுவதால் கண்ணாலும் பார்க்க முடியாது, பிரஷும் எட்டாது. இரவு முழுக்க கரைப்பானில் ஊறவைத்து மறுபடி பீய்ச்சிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடமோ தயாரித்த நிறுவனத்திடமோ கொண்டு போவதுதான் வழி. செம்பு உறைக் குண்டே போதும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த வாய்க்கால்தான்.

அறிகுறி: காலிக்கூடு சோம்பலாக விழுகிறது, நடுவில் மாட்டுகிறது

கூடு தூரமாகத் தெறிக்காமல் காலடியில் விழும். சில நேரம் வெளியேறும் வாயிலேயே செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். அல்லது வெளியே போய்விடும், ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்கும் அளவுக்கு ஸ்லைடு பின்னால் வராது. ஸ்லைடு முழு ஓட்டம் ஓடவில்லை.

முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் கைகொடுக்கும். சுடச் சுடத் தளர்ந்தால் முந்தைய கோளாறின் தொடக்க நிலை இது. துளை பாதி அடைந்திருக்கிறது. அல்லது குண்டில் தடவிய மெழுகு எரிந்து சிலிண்டருக்குள் பிசினாகி பிஸ்டனைப் பிடிக்கிறது. பிஸ்டனைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டும் பிசின் வந்தால் மெழுகின் வேலை. உலர்ந்த சாம்பல் தூள் வந்தால் மருந்துக் கரியும் ஈயமும். சுத்தம் செய்த பிறகு சிலிண்டருக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் எரிந்து கரியாகும்.

முதல் வேட்டிலிருந்தே இப்படி என்றால் தோட்டாவில் வலு போதவில்லை. இங்கேதான் ஈயக் குண்டுக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் உள்ள அடிப்படை முரண்பாடு வெளிப்படுகிறது. ஈயம் படியக்கூடாது என்றால் மெதுவாகச் சுட வேண்டும். வார்த்த குண்டு சுடுகிறவர்கள் எல்லாரும் மருந்தைக் குறைப்பது அதனால்தான். டெசர்ட் ஈகிளோ முழு வலுவுள்ள மேக்னம் தோட்டாவுக்காகவே கட்டப்பட்டது. .44 மேக்னத்தின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, .357 மேக்னத்துக்கு 35,000. அதை ஒட்டிய தோட்டாக்களில்தான் இது ஒழுங்காக ஓடும். மருந்தைக் குறைத்தால் ஸ்லைடு ஓடாது, கூட்டினால் ஈயம் படியும். நடுவில் ஒரு குறுகிய இடைவெளி இருக்கலாம். அது ஒவ்வொரு குழலுக்கும் வேறுபடும், குளிர்நாளிலும் வெயில்நாளிலும் மாறும். அதில் நின்று சுடுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை. ரிவால்வரில் மேக்னத்துக்குப் பதிலாகப் போடும் .44 ஸ்பெஷல், .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் இதற்கு ஆகவே ஆகாது.

ஈயத்தின்மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் பிடியையும் பாருங்கள். டெசர்ட் ஈகிளின் மேகசின் கைப்பிடிக்குள் கொஞ்சம் தளர்வாக ஆடும்படி அமைந்தது. இடது உள்ளங்கையை அடியில் கிண்ணம்போல் ஏந்திப் பிடித்தால் மேகசின் மேலே தள்ளப்பட்டு, தோட்டா ஏறுவது கெடும். மணிக்கட்டு தளர்ந்தாலும் ஸ்லைடு முழுதாக ஓடாது. சரியான பிடியோடு, தொழிற்சாலையில் செய்த உறைக் குண்டுத் தோட்டாவை ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள். அதிலும் தடுமாறினால் குண்டின் மேல் குற்றமில்லை. ஆனால் இந்தச் சோதனையைக் குழலில் ஈயம் படிந்திருக்கும்போது செய்யக்கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: தோட்டா முழுதாக உள்ளே போகவில்லை

ஸ்லைடு கடைசி இழையில் நின்றுவிடுகிறது, போல்ட் பூட்டவில்லை. விரலால் தட்டித் தள்ளிச் சுட வேண்டாம். தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள். வார்த்த குண்டை உறைக் குண்டைவிட ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக வைப்பது வழக்கம். .44இல் உறைக் குண்டு 0.429 என்றால் ஈயம் 0.430. .357இல் ஈயம் 0.358. அதையும் தாண்டிப் பெருத்த குண்டு கூட்டின் வாயை விரித்துவிடும். கூட்டின் வாய் ஓரத்தில் குண்டிலிருந்து சீவிய ஈய வளையம் ஒட்டியிருந்தாலும் இதே கதை.

குண்டின் வடிவமும் ஒரு காரணம். ரிவால்வருக்கென வார்க்கும் கீத் பாணிக் குண்டுகளில் தட்டை மூக்கும் கூர்மையான தோளும் இருக்கும். ரிவால்வரில் தோட்டா வைக்கும் சிலிண்டருக்குள் கையால் போடும்போது அந்தத் தோள் எதையும் இடிக்காது. மேகசினிலிருந்து ஏறும்போது சேம்பர் வாயில் இடிக்கும். இடித்த வேகத்தில் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கினால் ஆபத்து. உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும். இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகிப் போனதைத் திரும்பச் சுடாதீர்கள்.

அறிகுறி: குண்டுகள் சிதறுகின்றன, இலக்கில் சாய்ந்த ஓட்டை

காகிதத்தில் வட்டமாக விழ வேண்டிய ஓட்டை நீள்வட்டமாக விழுந்தால் குண்டு சுழலாமல் உருண்டுகொண்டு போகிறது. குழலின் திருகு வரிகள் குண்டைப் பிடிக்கவில்லை. டெசர்ட் ஈகிள் குழல்களின் உட்புறம் கூரான பள்ளம் மேடுகளுக்குப் பதிலாக மழுங்கிய பலகோண வடிவில் இருக்கும். உறைக் குண்டுக்கு அருமையான அமைப்பு. மெத்தான ஈயம் அதில் வழுக்கலாம், படியவும் படியும்.

ஈயம் எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். சேம்பரை ஒட்டி என்றால் குண்டு சிறுத்திருக்கிறது, ஓரத்தில் வாயு கசிகிறது. முனைப் பக்கம் மட்டும் என்றால் மெழுகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. குழல் நெடுக என்றால் வேகத்துக்கு ஈயம் மெத்து.

மெத்து என்றதும் கெட்டியாக்கத் தோன்றும். உலோகத்தின் கெட்டித்தனத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் தூய ஈயம் 5ஐ ஒட்டி. தகரமும் ஆன்டிமனியும் சேர்த்தால் 15, அச்சகத்து லினோடைப் உலோகம் 22ஐத் தொடும். கெட்டிக் குண்டு துளை விளிம்பில் குறைவாகத் துருவப்படும் என்பது உண்மை. அளவு சரியில்லாவிட்டால் அதே கெட்டித்தனம் பாதகமாகும். அழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்காது, கசிவு கூடும். அடியில் செம்புத் தொப்பி போட்டவை, பவுடர் கோட்டிங் செய்தவை இன்னும் தேவலை. சிலர் இவற்றைச் சுட்டுச் சமாளிக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்முலாம் பூசிய குண்டை உறைக் குண்டு என்று நினைத்துவிடாதீர்கள். முலாம் மெல்லியது, துளை விளிம்பு அதைக் கீறலாம்.

அறிகுறி: பிரைமர் தட்டையாகிறது, கூடு இழுக்க மறுக்கிறது

பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. அது தட்டையானால் அழுத்தம் ஏறுகிறது. அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்துங்கள். படிந்த ஈயம் குழலைக் குறுக்குகிறது, அடுத்த குண்டு அதைப் பிதுக்கிக்கொண்டு போக வேண்டும். 'கடைசியில் நாலு உறைக் குண்டு சுட்டால் ஈயமெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். முழு வலுவுள்ள உறைக் குண்டைக் குறுகிய குழலுக்குள் அனுப்புவதுதான் அழுத்தம் எகிறுவதற்கு நேர்வழி. கொஞ்சம் ஈயம் போகும். மீதி சுவரோடு தேய்ந்து இறுகும், துளைக்குள்ளும் திணியும்.

பழைய பித்தளை பிரஷில் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றிக் குழலுக்குள் தேயுங்கள், ஈயம் பட்டையாக உரிந்து வரும். பாத்திரம் தேய்க்கக் கடையில் விற்கும் செம்புச் சுருளே போதும், ஆனால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு, குழலைக் கீறும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் நொடியில் கரையும் என்பதும் உண்மைதான். கரைந்து உண்டாவது ஈய அசிடேட் என்ற நச்சு உப்பு. அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

அறிகுறி: 'பொத்' என்ற சத்தம், ஸ்லைடு அசையவில்லை

இதை முதல் அறிகுறியோடு குழப்பிக்கொண்டால் விபரீதம். அங்கே சத்தம் முழுதாக இருந்தது. இங்கே சத்தமும் உதைப்பும் குறைவு. மருந்து சரியாக இல்லாத தோட்டா குண்டைக் குழலின் பாதியில் விட்டிருக்கலாம். துளை அடைத்த துப்பாக்கியில் ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் ஸ்லைடை இழுத்துப் பழகிவிட்டவர், இதையும் அதே கோளாறு என்று நினைத்து அடுத்ததை ஏற்றிவிடுவார். அடுத்த குண்டு உள்ளே நிற்கும் குண்டில் மோதினால் குழல் வெடிக்கும். ஸ்லைடு தானாக ஓடாத ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள், காலி செய்யுங்கள், குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். துளை அடைத்த துப்பாக்கியைக் கையால் இழுத்து இழுத்துச் சுடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சுத்தம் செய்யும்போது

உதிரும் ஈயத் தூளை ஊதித் தள்ளாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். கையுறை போடுங்கள், சமையல் மேசையில் இந்த வேலையை வைக்காதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஈயம் அவர்களுக்குப் பெரியவர்களைவிடக் கெடுதல். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டும்.

வார்த்து வைத்த குண்டுகளை என்ன செய்வது

ரிவால்வரில் சுடுங்கள். அதில் வாயுத் துளை கிடையாது. .357 மேக்னம் 1935இல் வந்தபோதே ஈயக் குண்டுதான் போட்டு விற்றார்கள், குழலில் ஈயம் படிகிறது என்ற புகாரும் அன்றே எழுந்தது. ஆனால் ரிவால்வரில் படிந்தாலும் சுரண்டினால் தீர்ந்தது. தானியங்கி மேக்னம் பிஸ்டல்தான் வேண்டும் என்றால் பின்னுதைப்பால் இயங்குபவற்றைப் பாருங்கள். கூனன் .357, லார் கிரிஸ்லி, 1971இல் வந்த ஆட்டோமேக் எல்லாம் அந்த வகை. பூட்டு எப்படி இருந்தாலும் குழலில் ஓட்டை இல்லை. வைல்டி அப்படியல்ல, அதுவும் வாயுவில் ஓடுவது. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க அதில் வசதி உண்டு. துளை அடையத் தொடங்கும்போது வாயுவைக் கூட்டி வைத்தால் துப்பாக்கி மறுபடி ஓடும், ஆனால் அடைப்பு உள்ளே அப்படியே வளரும். எனவே வைல்டியில் வாயுவைக் கூட்ட வேண்டிய நிலை வந்தால், கூட்டுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள்.